பெண் கேட்பதும் பெண்ணைக் கேட்பதும்

2023 ஜனவரி இறுதியில், தென்காசி மாவட்டம் குற்றாலம் காவல் நிலைய எல்லையில் நடந்த ஒரு நிகழ்வின் கண்காணிப்புக் கேமரா பதிவு தமிழ்நாடு முழுவதும் பரவியது. இளம்பெண் ஒருவரைச் சிலர் வலுக்கட்டாயமாகத் தூக்கிச் செல்லும் காட்சி அது. தான் விரும்பிய இளைஞரை, குடும்பத்தின் எதிர்ப்பை மீறி, சில வாரங்களுக்கு முன்புதான் அவர் மணம் புரிந்திருந்தார். தூக்கிச் சென்றவர்கள் பெண்ணின் பெற்றோரும் உறவினர்களும்தான் என்று கணவர் புகார் அளித்தார். காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் தாக்கலானது.

அடுத்த சில நாட்களில் இன்னொரு காணொளி வெளியானது. அதில் அதே பெண் பேசினார். தன்னை யாரும் கடத்தவில்லை, பெற்றோருடன் நலமாக இருக்கிறேன், வேறொருவருடன் தனக்குத் திருமணம் ஆகிவிட்டது என்பது அதன் சாரம். பின்னர் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தப்பட்ட அவரை, இரு தரப்பிடமும் ஒப்படைக்காமல் காப்பகத்தில் தங்கவைத்து வாக்குமூலம் பெற நீதிபதிகள் உத்தரவிட்டார்கள்.

அந்த வழக்கின் அடுத்தடுத்த நடைமுறைகளுக்குள் இங்கே செல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. ஆனால், அந்த இரண்டு காணொளிகளும் நம்முன் வைத்த கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு பெண் தன் திருமணத்துக்குச் சம்மதித்தார் என்பதை நாம் எதைக் கொண்டு அறிகிறோம்? அவர் போட்ட கையெழுத்தைக் கொண்டா, கேமரா முன் பேசியதைக் கொண்டா, அல்லது அச்சமின்றிப் பேசக்கூடிய ஓர் இடத்தில் அவர் சொன்னதைக் கொண்டா?

நம் வழக்கில் ‘பெண் கேட்டு வருவது’ என்றொரு தொடர் உண்டு. அதில் கேட்கப்படுகிறவர் பெண் அல்லர், பெண்ணைப் பெற்றவர்கள். பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லும்போது, அந்த வீட்டாரில் பெண்ணும் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்ற முதுமொழி மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. திருமணம் குறித்த நம் சட்டமும் சமூகமும் பிரிந்து நிற்கும் புள்ளி இதுதான்.

கொடுப்போர் இல்லாத திருமணம்

பெற்றோர் கொடுக்க, மணமகன் கொள்ள நடப்பதே திருமணம் என்ற எண்ணம் இங்கே பழமையானது. தொல்காப்பியத்தின் கற்பியலும் கொடுப்பதற்கு உரியவர் கொடுக்கக் கொள்வதைத்தான் முதலில் பேசுகிறது. ஆனால், அதே இயல் அங்கேயே நின்றுவிடவில்லை. காதலர் இருவரும் உடன்போக்கில் சென்றுவிட்ட நிலையில், கொடுப்போர் இல்லாமலும் மணச் சடங்கு உண்டு என்பதையும் அது ஏற்கிறது. பெற்றோரை மீறிய திருமணம் மேற்கிலிருந்து வந்த இறக்குமதி என்று சொல்பவர்கள் மறந்துவிடும் செய்தி இது.

நவீன சட்டம் இந்தக் ‘கொடுப்போர்’ என்ற இடத்தைப் படிப்படியாக அகற்றியது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இயற்றப்பட்டபோது பெண்ணின் குறைந்தபட்ச மண வயது 15. பதினெட்டு வயது நிறையாத மணமகளின் திருமணத்துக்குப் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்று அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவு கூறியது. 1978-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் பெண்ணின் மண வயதை 18 ஆகவும் ஆணின் மண வயதை 21 ஆகவும் உயர்த்தியதோடு, அந்த 6-ஆம் பிரிவையே நீக்கியது. அன்று முதல் இந்து திருமணச் சட்டத்தில் பெற்றோரின் ஒப்புதலுக்கென்று ஓர் இடம் இல்லை. வயது வந்த இருவர் மட்டுமே அங்கே நிற்கிறார்கள்.

தமிழ்நாடு அதற்கு முன்பே இன்னொரு படி ஏறியிருந்தது. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் இறுதியிலிருந்தே இங்கே நடந்துவந்தன. அவை சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அப்படி மணந்து பிள்ளைகள் பெற்று வாழ்ந்தவர்களின் நிலை கேள்விக்குறியானது. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா தலைமையிலான அரசு, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறோம் என்று அறிவித்தாலே போதும். அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். திருமணம் செல்லும்.

அந்தப் பிரிவில் ‘இருவருக்கும் புரியும் மொழியில்’ என்ற சொற்கள் கவனத்துக்கு உரியவை. மணமக்கள் தாம் என்ன சொல்கிறோம் என்று அறிந்து சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். மணமகளின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராமலேயே நடந்து முடிந்துவிடக்கூடிய திருமண முறைகளுக்கு நடுவே, அவர் தன் வாயால் சொல்வதையே ஒரு திருமணத்துக்குப் போதுமானதாக இச்சட்டம் ஆக்கியது. சீர்திருத்தத்தின் உள்ளீடு அதுதான். புரோகிதரை விலக்கியது அதன் ஒரு பகுதி மட்டுமே.

ரகசியமாக மணந்தால் செல்லுமா?

இந்தப் பிரிவும் நீதிமன்றங்களில் சோதனைக்கு உள்ளானது. வழக்கறிஞர் அலுவலகங்களில் யாருக்கும் தெரியாமல் நடக்கும் திருமணங்கள் 7-ஏ பிரிவின்படி செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. திருமணம் என்பது பலர் அறிய நடக்க வேண்டியது என்பது அதன் பார்வை. அந்தக் கவலைக்கும் ஒரு நியாயம் இருந்தது. போலிச் சான்றிதழ்களை வழங்கும் கடைகளாகச் சில அலுவலகங்கள் மாறிவிட்டன என்ற புகார்கள் அப்போது இருந்தன.

ஆனால், 2023 ஆகஸ்ட் 28 அன்று, நீதிபதிகள் எஸ்.ரவீந்திர பட், அரவிந்த் குமார் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, இளவரசன் எதிர் காவல் கண்காணிப்பாளர் வழக்கில் அந்தத் தீர்ப்பைத் தவறென்று விலக்கியது. தன் மனைவியை அவருடைய பெற்றோர் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கணவர் தொடுத்த வழக்கு அது. மணம் புரிய விரும்பும் இருவர், குடும்ப எதிர்ப்பாலோ உயிருக்கு அஞ்சியோ அதைப் பலர் அறிய அறிவிக்காமல் இருக்கக்கூடும். பொது அறிவிப்பு கட்டாயம் என்று வலியுறுத்துவது அவர்களை ஆபத்தில் தள்ளும் என்று அமர்வு சுட்டிக்காட்டியது. வழக்கறிஞரும்கூட, நீதிமன்ற அலுவலர் என்ற நிலையில் அல்லாமல், நண்பராகவோ உறவினராகவோ சாட்சியாக இருக்கலாம்.

இந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் மீதும் பொருத்திப் பார்க்க வேண்டும். மதம் கடந்து மணம் புரிய விரும்புவோர் நாட வேண்டிய அந்தச் சட்டத்தின்படி, திருமண அலுவலரிடம் முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். அது அலுவலகத்தில் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டப்படும். எதிர்ப்புகள் வருகின்றனவா என்று 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பவர்களுக்கு முகவரியும் அவகாசமும் சேர்த்துத் தருகிற ஏற்பாடாகவே இது பல இடங்களில் முடிகிறது. 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அறிவிப்பை வெளியிடுவது மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்று கூறியது. சட்டத்தின் வாசகமோ மாறவில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் குரல்கள் எழுகின்றன. 2023 ஜூலையில் குஜராத் முதல்வர் பூபேந்திர படேல், காதல் திருமணங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்க அரசமைப்பு இடமளிக்கிறதா என்று ஆராயப்படும் என்றார். 1978-இல் நீக்கப்பட்ட 6-ஆம் பிரிவு பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கானது. இப்போது கேட்கப்படுவதோ வயது வந்தவர்களுக்கும் பாதுகாவலர் வேண்டும் என்பது.

பலவந்தத்துக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

விரும்பி மணப்பவரின் உரிமையைப் பற்றிச் சட்டம் இவ்வளவு பேசியிருக்கிறது. விரும்பாமல் மணமுடிக்கப்பட்டவருக்கு அது என்ன தருகிறது? இங்கேதான் பெரிய இடைவெளி தெரிகிறது.

இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மனநலக் குறைவால் சம்மதம் தர இயலாதவராக மணமக்கள் இருக்கக் கூடாது என்கிறது. மணமக்கள் இருவரும் சுதந்திரமாகச் சம்மதித்திருக்க வேண்டும் என்று நேரடியாக ஒரு நிபந்தனையை அது விதிக்கவில்லை. 12-ஆம் பிரிவின்படி, பலவந்தத்தாலோ மோசடியாலோ சம்மதம் பெறப்பட்டிருந்தால் அந்தத் திருமணத்தை நீக்கக் கோரலாம். அதாவது, அது தானாகச் செல்லாமல் போவதில்லை. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் சென்று நீக்கும்வரை அது செல்லும். பலவந்தம் நீங்கிய ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அதன் பின்னர் முழு மனதோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனு ஏற்கப்படாது.

இந்த விதிகளை ஓர் இளம்பெண்ணின் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். கைப்பேசி பறிக்கப்பட்டு, வேறு ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மணமுடிக்கப்பட்ட ஒருவர், யாரை எதிர்த்து வழக்குத் தொடுப்பார்? பெற்றோரையும் கணவரையும் ஒருசேர எதிர்த்த பிறகு அவர் எங்கே தங்குவார்? பலவந்தம் என்றைக்கு ‘நீங்கியது’ என்று எப்படி நிறுவுவார்? கையை முறுக்குவது மட்டுமா பலவந்தம்? தாய் விஷக்குப்பியைக் கையில் எடுப்பதும், தந்தை உண்ணாமல் படுப்பதும், தங்கைக்கு வரன் அமையாது என்று உறவினர்கள் கூடி அழுவதும் நம் வீடுகளில் அறியாதவை அல்ல. அவற்றின் முன் சொல்லப்படும் ‘சரி’ என்ற சொல்லைச் சட்டம் சம்மதமாகவே எண்ணிக்கொள்கிறது.

குற்றவியல் சட்டத்திலும் இதே நிலைதான். மணமுடிக்கக் கட்டாயப்படுத்தும் நோக்கில் ஒரு பெண்ணைக் கடத்துவது பாரதிய நியாய சம்ஹிதாவின் 87-ஆம் பிரிவின்படி குற்றம். கடத்தல் இல்லாமல், சொந்த வீட்டுக்குள்ளேயே நடக்கும் கட்டாயத் திருமணத்துக்கு என்று தனிக் குற்றப் பிரிவு நம்மிடம் இல்லை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் காக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் இந்திய அளவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. வயதை நாம் எண்ணுகிறோம், எண்ணத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு வயதும் ஒரு நாளும் ஆன பெண்ணின் சம்மதத்தை அளக்கும் கருவிதான் நம்மிடம் இல்லை.

பிரிட்டன் இதற்கு இரண்டு வழிகளை வகுத்தது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, கட்டாயத் திருமணத்துக்கு ஆளாகக்கூடியவரைக் காக்கும் உரிமையியல் உத்தரவை நீதிமன்றங்கள் முன்கூட்டியே பிறப்பிக்க முடிகிறது. 2014 முதல் கட்டாயத் திருமணம் தனிக் குற்றமாகவும் ஆனது. அங்கே இந்தச் சட்டங்களுக்கு அழுத்தம் தந்தவர்களில் தெற்காசியக் குடும்பங்களின் பெண்களே முன்னணியில் இருந்தார்கள். பெற்றோரைச் சிறைக்கு அனுப்ப எந்த மகளும் எளிதில் முன்வருவதில்லை என்பதால், தண்டனையைவிட முன்கூட்டிய பாதுகாப்பு உத்தரவு பயன்மிக்கது என்ற வாதம் அங்கே வலுவாக உண்டு. நமக்கும் அது பொருந்தும்.

ஆட்கொணர்வு மனு கேட்கும் கேள்வி

சட்டத்தின் இந்த இடைவெளியில்தான் ஆட்கொணர்வு மனு வந்து நிற்கிறது. ஒருவரைச் சட்டவிரோதக் காவலில் இருந்து மீட்பதே அதன் வேலை. ஆனால், நடைமுறையில் அது ‘பெண் யாருக்குச் சொந்தம்’ என்ற வழக்காகவே இரு தரப்பாராலும் நடத்தப்படுகிறது. கணவர் மனைவியைக் கேட்கிறார். பெற்றோர் மகளைக் கேட்கிறார்கள். நீதிமன்றத்தின் கேள்வியோ இவ்விரண்டும் அல்ல. அந்தப் பெண் எங்கே இருக்க விரும்புகிறார் என்பது மட்டுமே.

இதில் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு தெளிவானது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவர் மணம் புரிய முடிவெடுத்துவிட்டால் குடும்பத்தின், சமூகத்தின், குலத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று அது கூறியது. அதே ஆண்டு, ஷஃபீன் ஜஹான் வழக்கில், ஆட்கொணர்வு மனுவை விசாரித்த கேரள உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணின் திருமணத்தையே ரத்து செய்ததைத் தவறென்று தள்ளியது. அந்தப் பெண் நேரில் வந்து தன் விருப்பத்தைச் சொன்ன பிறகும் அவருடைய தந்தையின் அச்சத்தையே நாடு பல மாதங்கள் விவாதித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கலாம்.

ஆனால், விருப்பத்தைக் கேட்பது மட்டும் போதாது. எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். இதைத் தெளிவாக வகுத்தது 2024 மார்ச் 11 அன்று தேவு ஜி.நாயர் வழக்கில் வந்த தீர்ப்பு. அடைத்து வைக்கப்பட்டதாகச் சொல்லப்படுபவரோடு நீதிபதிகள் தனியறையில் பேச வேண்டும். பெற்றோரோ மற்றவர்களோ உடனிருக்கக் கூடாது. அவர் இயல்பாகப் பேசக்கூடிய சூழல் வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும். ஆற்றுப்படுத்துதல் என்ற பெயரில் அவருடைய மனதை மாற்ற முயலக் கூடாது. இத்தகைய மனுக்களைத் தாமதமின்றி விசாரிக்க வேண்டும். உயர் நீதிமன்றங்களுக்கு உச்ச நீதிமன்றம் இத்தனை விவரமாகச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே, அதுவரை நடந்துவந்தது என்ன என்பதைக் காட்டுகிறது.

இந்த அளவுகோலில் குற்றாலம் நிகழ்வைத் திரும்பிப் பார்க்கலாம். ஒருவரின் பொறுப்பில் இருக்கும்போது, கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத நிலையில் பேசப்படும் காணொளி, எந்தத் தரப்பு வெளியிட்டாலும், சம்மதத்துக்குச் சான்றாகாது. காணொளியைக் கேட்டுவிட்டு அமையாமல், அந்தப் பெண்ணை இரு தரப்பிடமிருந்தும் விலக்கி வைத்துக் கேட்க நீதிமன்றம் முற்பட்டது சரியான திசை. அதற்காக ஒரு பெண்ணைக் காப்பகத்தில் வைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. வயது வந்த பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாகக் காப்பகத்தில் அடைத்து வைக்க முடியாது என்று, கியான் தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே கூறிவிட்டது. சில நாட்கள் சிந்திக்க இடம் தருவது வேறு. பாதுகாப்பு என்ற பெயரில் சிறை வைப்பது வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படித் தனியே கேட்கப்படும் பெண், ‘நான் பெற்றோருடன் செல்கிறேன்’ என்றும் சொல்லக்கூடும். முன்பு மணந்தவரோடு வாழ விருப்பமில்லை என்றும் சொல்லக்கூடும். சாதி மறுப்பையும் காதலையும் ஆதரிப்பவர்களுக்கு அது ஏமாற்றம் தரலாம். ஆனால், நமக்கு உவப்பான விடையை மட்டுமே சுதந்திரமான விடை என்று கொண்டால், நாமும் அவரிடத்தில் முடிவெடுக்கிறவர்கள் ஆகிவிடுகிறோம். சம்மதத்தை மதிப்பது என்றால் மனமாற்றத்தையும் மதிப்பதுதான். திருமணம் நிலுவையில் இருக்கிறதா, அது முறையாக நீக்கப்பட வேண்டுமா என்பது குடும்ப நீதிமன்றத்தின் கேள்வி. அவர் எங்கே வாழ்வார் என்பது அவருடைய முடிவு.

மணந்த பிறகு சம்மதம்

திருமணத்துக்குள் நுழையும் வாசலில் மட்டும் சம்மதத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே சென்ற பிறகு அந்தக் கேள்வியே எழாது என்று கருதுவது நம் சட்டத்தின் இன்னொரு குறை. வல்லுறவை வரையறுக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 63-ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவை அதிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. நீதிபதி வர்மா குழு 2013-இலேயே இந்த விலக்கை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில், விலக்கு நீடிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை ஒன்றிய அரசு எடுத்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 மனைவிக்குப் பாலியல் கொடுமையிலிருந்து உரிமையியல் பாதுகாப்பைத் தருகிறது என்பது உண்மை. குற்றவியல் சட்டம் அந்த அளவுக்கும் வரவில்லை.

வாழ விருப்பமில்லாத துணையைச் சேர்ந்து வாழ வருமாறு ஆணையிடக் கோரும் வழிமுறையும் இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவாக இன்னும் இருக்கிறது. பதினோரு வயதில் மணமுடித்து வைக்கப்பட்ட ருக்மாபாய், தான் ஒப்புதல் தராத அந்தத் திருமணத்துக்குள் வாழ மறுத்து, 1880-களில் பம்பாய் நீதிமன்றத்தில் எதிர்கொண்டது இதே கோரிக்கையைத்தான். கணவனிடம் செல்வதைவிடச் சிறை செல்லத் தயார் என்ற அவர், பின்னர் மருத்துவரானார். 1983-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் 9-ஆம் பிரிவை அரசமைப்புக்கு முரணானது என்றது. அடுத்த ஆண்டே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

குற்றாலம் நிகழ்வோடு இதற்கென்ன தொடர்பு என்று கேட்கலாம். பலவந்தமாக மணமுடிக்கப்படும் ஒரு பெண்ணின் நிலையில் வைத்துப் பார்த்தால் தொடர்பு விளங்கும். அவருடைய சம்மதம் மணமேடையில் பறிக்கப்படுகிறது. அன்றிரவு நடப்பதையும் சட்டம் குற்றமென்று சொல்வதில்லை. அவர் வெளியேறினால், திரும்பி வரச்சொல்லி வழக்குத் தொடுக்கவும் ஒரு பிரிவு இருக்கிறது.

பெற்றோரின் அச்சமும் அதன் எல்லையும்

இவ்வளவு பேசும்போது பெற்றோரின் தரப்பைக் கேலியாகக் கடந்துவிட முடியாது. பத்தொன்பது வயது மகள், சில மாதங்களே பழகிய ஒருவரோடு சென்றுவிட்டால் பெற்றவர்கள் துடிப்பது இயல்பு. காதல் என்ற பெயரில் ஏமாற்றுபவர்கள் இல்லாமல் இல்லை. படிப்பு பாதியில் நின்று, பிறந்த வீட்டுக்கும் திரும்ப முடியாமல் அல்லலுறும் பெண்களையும் நாம் பார்க்கிறோம். பெற்றோருக்கு அறிவுரை சொல்லவும், எதிர்க்கவும், கோபித்துக்கொள்ளவும், திருமணத்துக்கு வராமல் இருக்கவும் உரிமை உண்டு. ஏமாற்று நடந்திருந்தால் புகார் தரவும் வழி உண்டு. மகளின் உடலைத் தூக்கிச் செல்லும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை.

மேலும், எதிர்ப்பின் காரணம் எப்போதும் மகளின் நலம் என்று சொல்வதற்கும் இல்லை. 2025 ஜூலையில், தென்காசிக்கு அருகிலுள்ள பாளையங்கோட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர், வேறு சாதிப் பெண்ணோடு கொண்ட நட்பின் காரணமாகக் கொல்லப்பட்டார். இதையடுத்து எழுந்த கோரிக்கைகளின் விளைவாக, ஆணவக் கொலைகளைத் தடுக்கச் சட்டம் இயற்றப் பரிந்துரைகளை அளிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அக்டோபரில் அறிவித்தது. கொலையில் முடிந்த பிறகே இந்தச் சிக்கல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கொலைக்கு முந்தைய கட்டங்களான மிரட்டல், வீட்டுக்காவல், அவசரத் திருமணம் ஆகியவை ‘குடும்ப விவகாரம்’ என்ற பெயரில் கடந்துபோகின்றன.

செய்ய வேண்டியவை

ஆகவே, ஆணவக் கொலைக்கு எதிராக வரும் எந்தச் சட்டமும் கொலையை மட்டும் வரையறுத்து முடிந்துவிடக் கூடாது. வயது வந்தவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மணமுடிக்க வைப்பது அதில் தனிக் குற்றமாக வேண்டும். கட்டாயத்துக்குள் மன அழுத்தமும் மிரட்டலும் அடங்க வேண்டும். பாதிக்கப்படக்கூடியவரோ அவருக்காக நண்பரோ ஆசிரியரோ மனு செய்தால், உரிமையியல் பாதுகாப்பு உத்தரவை அருகிலுள்ள நீதிமன்றமே விரைவாகத் தர வழி வேண்டும். ஒவ்வொரு முறையும் மதுரைக் கிளைக்கு ஓடி ஆட்கொணர்வு மனு போட எல்லோராலும் இயலாது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத பணிகளும் உள்ளன. சக்தி வாஹினி தீர்ப்பு, மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், இணையர் தங்கப் பாதுகாப்பு இல்லம் ஆகியவற்றைக் கேட்டது. 2019 நவம்பரில் உருவான தென்காசி போன்ற புதிய மாவட்டங்களில் இவை எந்த அலுவலகத்தில், யாருடைய பொறுப்பில் இயங்குகின்றன என்பது கல்லூரி மாணவிகளுக்குத் தெரியும்படி அறிவிக்கப்பட வேண்டும். பாதுகாப்புக் கேட்டுக் காவல் நிலையம் வரும் இணையரை, இரு வீட்டாரையும் வரவழைத்து ‘பேசித் தீர்த்துக்கொள்ள’ உட்கார வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அச்சுறுத்துபவரை எதிரே அமர வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விக்குச் சுதந்திரமான விடை வராது.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009, எல்லா மதத்தவரின் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதியச் சொல்கிறது. அந்தப் பதிவு வயதுச் சான்றையும் முகவரிச் சான்றையும் சரிபார்ப்பதோடு முடிகிறது. மணமக்களைத் தனித்தனியே அழைத்து, ‘உங்கள் விருப்பத்தின் பேரில்தான் இந்தத் திருமணம் நடந்ததா?’ என்று ஒரு நிமிடம் கேட்பதைப் பதிவாளரின் கடமையாக்கலாம். காதல் திருமணத்துக்கு மட்டுமல்ல. பெரியோர் நிச்சயித்த திருமணத்துக்கும் இந்தக் கேள்வி வேண்டும். இன்று நம் அமைப்புகளின் சந்தேகம் முழுவதும் முன்னதன் மீதே விழுகிறது. நாற்பது பேர் சூழ நடந்த திருமணத்தில் சம்மதம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீடுகள் இருக்கின்றன. பெண் பார்க்க வருபவர்களுக்குத் தட்டில் காபி கொண்டுவரும் மகளிடம், அவர்கள் வருவதற்கு முன்பே, ‘உனக்கு விருப்பமா? வேண்டாம் என்றால் வேண்டாம்’ என்று சொல்லும் பெற்றோர் இன்றும் பல ஊர்களில் இருக்கிறார்கள். வேண்டாம் என்ற விடையைக் கேட்டுவிட்டு வந்தவர்களைக் கும்பிட்டு அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களைக் கண்காணிப்புக் கேமராக்கள் பதிவு செய்ய நேர்வதில்லை. மறுக்க முடியும் என்று தெரிந்த ஒருவர் சொல்லும் ‘சரி’ மட்டுமே சம்மதம். அப்படிச் சொல்லக்கூடிய இடத்தை வீடு தராதபோது அதைத் தர வேண்டிய கடமை காவல் நிலையத்துக்கும் பதிவாளருக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து சேர்கிறது.